கணக்கு நோட்டோடு தேரிக்காட்டுக்கு: ஐந்து நாள் பயணம்

முதல் நாள், பாளையங்கோட்டை

நெல்லை எக்ஸ்பிரஸ் காலையில் திருநெல்வேலி ஜங்ஷனில் இறக்கிவிட்டது. ஈஸ்டர் முடிந்த மறுவாரம், ஏழு மணிக்கே வெயில் முதுகில் ஏறுகிறது. முதுகு என்றதும் சொல்லிவிடுகிறேன், இந்தப் பயணமே அதனால்தான். போன வருஷம் கீழ் முதுகில் டிஸ்க் விலகி 94 நாள் படுக்கையில் கிடந்தேன். வலி ஒரு பக்கம், மாத்திரையின் மயக்கம் ஒரு பக்கம். அந்த 94 நாளில் ஒரு நாள்கூட ஒழுங்காக வேதம் வாசிக்கவில்லை, ஜெபமும் செய்யவில்லை. வாயைத் திறந்தால் 'ஆண்டவரே' என்பதற்கு மேல் ஒன்றும் வராது, அப்படியே தூங்கிப்போவேன்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. 17 வயதில் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் என்னை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்த மறுநாளே ஒரு நோட்டு வாங்கினேன். எத்தனை அதிகாரம் வாசித்தேன், எத்தனை நிமிடம் ஜெபித்தேன், வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தேனா, எல்லாம் அதில் ஏறும். 35 வருஷம், 11 நோட்டு. பிழைப்புக்கும் கணக்கு எழுதுகிறவன்தான், அதனால் அது எனக்குப் பாரமாகத் தெரிந்ததே இல்லை. படுக்கையிலிருந்து எழுந்ததும் முதல் வேலையாக விடுபட்ட நாட்களை எண்ணினேன். நாளுக்கு 4 அதிகாரம், 94 நாளுக்கு 376. அதைப் பாக்கி என்று எழுதி, அதிகாலை மூன்றரைக்கு எழுந்து அடைக்க ஆரம்பித்தேன். இன்றைக்கு 140 மிச்சம் இருக்கிறது. தூக்கம் போய்விட்டது. ஜெபிக்க முழங்காலில் நின்றால் மனம் அவரிடம் போகாமல் கடிகாரத்திடம் போகிறது. என் மனைவிதான், "ஊருக்குப் போய் சித்தியோட அஞ்சு நாள் இருந்துட்டு வாங்க" என்று அனுப்பிவைத்தாள்.

பஸ் ஏறுமுன் பாளையங்கோட்டையில் இரண்டு கோயில்கள் பார்த்தேன். ஊசிக்கோபுரம் என்று ஊரே சொல்லும் தூய திரித்துவப் பேராலயம், மிஷனரி ரேனியஸ் ஐயர் காலத்தில் 1826ல் கட்டியது, சின்ன வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்த இடம். அப்புறம் கிளாரிந்தா கோயில், 1785ல் பிரதிஷ்டை செய்தது. சின்னக் கோயில்தான், ஆனால் நான் அங்கே அதிக நேரம் நின்றேன். கிளாரிந்தா ஒரு பிராமண விதவை. ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்துவந்தார் என்பதால் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் முதலில் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்துவிட்டார், அந்த அதிகாரி இறந்தபின் 1778ல் கொடுத்தார். 1780ல் எழுதிய இந்தச் சபையின் பதிவேட்டில் 40 பேர் இருக்கிறார்கள், முதல் பெயர் அவருடையது. பதிவேடு என்றாலே எனக்கு ஒரு ஈர்ப்பு. அந்தப் பெயருக்கு நேரே என்ன தகுதி எழுதியிருக்க முடியும் என்று யோசித்துக்கொண்டே வெளியே வந்தேன்.

இரண்டாம் நாள், சாத்தான்குளம் பக்கம்

சித்தி வீட்டுக்கு நேற்று மதியமே வந்துவிட்டேன். சித்திக்கு 74 வயது. சித்தப்பா பனையேறி. 1989ல் பனையிலிருந்து விழுந்து இறந்துபோனார். அதற்குப்பின் சித்தி பள்ளிக்கூடச் சமையல் வேலை பார்த்து இரண்டு பிள்ளைகளைக் கரையேற்றினார். ராத்திரி குடும்ப ஜெபத்தில் விளக்கை அணைத்துவிட்டு மனப்பாடமாக 127ஆம் சங்கீதம் சொன்னார், எனக்கும் சின்ன வயதிலிருந்தே தெரிந்ததுதான். கர்த்தர் வீட்டைக் கட்டாராகில் அதைக் கட்டுகிறவர்களின் பிரயாசம் விருதா. அதிகாலையில் எழுந்து வருத்தத்தின் அப்பத்தைச் சாப்பிடுகிறதும் விருதா. அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார். சொல்லி முடித்து ஐந்து நிமிடத்தில் சித்தி குறட்டை விட்டார். நான் மூன்றரைக்கு எழுந்து, திண்ணையில் செல்போன் வெளிச்சத்தில் எசேக்கியேலில் 6 அதிகாரம் வாசித்தேன். என்ன வாசித்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

எழுந்து பார்த்தால் சித்தி வாசலில் நிற்கிறார். "ஏய்யா, என்னத்துக்கு இந்நேரம் முழிச்சுக் கெடக்க? முதுகு வலிக்கா?" என்றார். வாசிப்பு பாக்கி இருக்கிறது என்று சொன்னேன். "யாருக்குப் பாக்கி?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் அடுப்புப் பற்றவைக்கப் போய்விட்டார்.

பகலில் மெஞ்ஞானபுரம் போனோம். ஜான் தாமஸ் ஐயர் கட்டிய தூய பவுல் ஆலயம், 192 அடிக் கோபுரம், பனங்காட்டுக்கு நடுவே தூரத்திலிருந்தே தெரியும். உள்ளே குளுமை. வரும் வழியில் முதலூரில் இறங்கி மஸ்கோத் அல்வா வாங்கினோம். திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவர்களுக்கென்று 1799ல் உண்டான முதல் ஊர், அதனாலேயே முதலூர். வேறு சொல்ல இன்றைக்கு ஒன்றுமில்லை, பஸ்ஸில் உட்கார்ந்து முதுகு பிடித்துக்கொண்டது, சீக்கிரம் படுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள், இடையன்குடி

திசையன்விளையில் சித்தியின் மகள் வீடு இருக்கிறது, அங்கிருந்து காலையில் ஆட்டோ பிடித்து இடையன்குடிக்கு வந்தோம். கால்டுவெல் என்றால் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு 1856ல் வந்த ஒப்பிலக்கணம்தான் நினைவுக்கு வரும், எங்கள் பக்கத்து ஆட்களுக்கு முதலில் கோயில்தான். 1838ல் சென்னைக்கு வந்தவர், அங்கிருந்து பெரும்பாலும் நடந்தே தெற்கே வந்து 1841ல் இங்கே சேர்ந்தார். 1847ல் கோயிலுக்கு அஸ்திவாரம் போட்டார், 1880ல்தான் பிரதிஷ்டை நடந்தது. 33 வருஷம். அவர் 1891ல் கொடைக்கானலில் இறந்தபோது உடலை இங்கே கொண்டுவந்து இந்தக் கோயிலுக்குள் பீடத்தின் அடியில் அடக்கம் செய்தார்கள். அவர் இருந்த வீட்டை அரசு இப்போது நினைவில்லமாக வைத்திருக்கிறது. அவருடைய மனைவி எலிசா அம்மையார் இந்த ஊர்ப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்த லேஸ் பின்னலைப் பற்றிச் சித்தி எனக்கு நிறையச் சொன்னார், சித்தியின் அம்மாவும் பின்னியிருக்கிறாராம்.

கோயிலைவிட இன்றைக்கு என்னைப் பிடித்துக்கொண்டது ஊருக்கு வெளியே பனங்காடு. இது பதநீர்க் காலம். பனையேறிகளின் ஓலைக் குடிசையான விடிலியில் ஒரு அம்மா பதநீரைக் காய்ச்சிக்கொண்டிருந்தார், அவருடைய வீட்டுக்காரர் அப்போதுதான் ஒரு மரத்தை முடித்து இறங்கியிருந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும், இடுப்பில் அரிவாள்பெட்டி, காலில் தளைநாரின் தழும்பு. பனையோலையில் பட்டை பிடித்து எனக்கும் சித்திக்கும் ஊற்றினார். எவ்வளவு நாளாயிற்று இதைக் குடித்து! அவர் அடுத்த மரத்தில் கால் வைத்ததும் சித்தி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். விடிலிக்குள் போய் அந்த அம்மாவோடு பேச உட்கார்ந்துவிட்டார், அவர் இறங்கி வரும்வரை வெளியே வரவே இல்லை.

இறங்கியபின் கொஞ்ச நேரம் அவரோடு பேசிக்கொண்டிருந்தேன். முட்டி தேய்ந்துவிட்டதாம், மகன்கள் இருவரும் வெளியூரில், இந்தக் காட்டில் ஏற இப்போது ஆளே இல்லை என்றார். தினமும் பாளையை மெல்லிசாகச் சீவ வேண்டும், கலயத்தில் சுண்ணாம்பு தடவிக் கட்ட வேண்டும், ஒரு நாள் விட்டால்கூடப் பாளை காய்ந்து அடைத்துக்கொள்ளும்.

"அண்ணாச்சி, நல்லாச் சீவினா நிறைய ஊறுமா?" என்று கேட்டேன்.

"சீவுறது என் வேல. ஊறுறது என் கையிலயா இருக்கு? சில மரம் என்ன சீவினாலும் அரைக் கலயம்தான். சிலது ராத்திரியோட ராத்திரியா வழிஞ்சு நிக்கும்."

"அப்ப சீவாம இருந்தா?"

"சீவாட்டா எப்படி ஊறும்?" என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார், பட்டணத்துக்காரனுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று நினைத்திருப்பார்.

அவருக்கு இது பிரசங்கம் இல்லை, தொழில். ஆனால் ஆட்டோவில் திரும்பும்போது எனக்கு அது விடவில்லை. ராத்திரியில் அவர் பாயில் படுத்திருக்கிறார், மரம் அது பாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருக்கிறது. நான் இத்தனை வருஷமும் சீவியதை மட்டும்தான் எழுதியிருக்கிறேன், அதுவும் சீவினதனால்தான் ஊறியது என்ற நினைப்பில். சீவ முடியாமல் கிடந்த 94 நாளைக்கு மரத்திடம் கடன்பட்டவனைப் போல அலைகிறேன்.

திசையன்விளைக்கு வந்து நோட்டை எடுத்தேன். 11 நோட்டிலும் முதல் பக்கத்தில் ஒரே வசனம்தான் எழுதியிருப்பேன், பிலிப்பியர் 2:12. 'அதிக பயத்தோடும் நடுக்கத்தோடும் உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்.' 17 வயதில் அந்த வசனம் எனக்குள் இறங்கியது. இன்றைக்கு எதற்கோ வேதத்தைத் திறந்து அந்த இடத்தைப் பார்த்தால், அங்கே வாக்கியம் முடிந்தாலும் பேச்சு முடியவில்லை. 13ஆம் வசனம் 'ஏனெனில்' என்று தொடங்குகிறது. 'ஏனெனில் தேவனே தம்முடைய தயவுள்ள சித்தத்தின்படி விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவராயிருக்கிறார்.' எத்தனை முறை வாசித்திருப்பேன் இதை! வேதத்தை முழுதாக 29 முறை முடித்தவன் நான். ஆனாலும் அந்த 'ஏனெனில்' இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. பிரயாசப்படச் சொன்னவர், அதற்கான ஆசையையே தாம்தான் தருவதாகச் சொல்கிறார். அப்படியானால் மூன்றரைக்கு அலாரம் வைத்த நான் யாரை நம்பி வைத்தேன்?

பதில் தெரியும். எழுதத்தான் கை வரவில்லை.

நான்காம் நாள், டோனாவூர்

இன்று அலாரம் வைக்கவில்லை, ஆனாலும் நான்கு மணிக்கு முழிப்பு வந்துவிட்டது. சும்மா படுத்திருந்தேன். குற்ற உணர்ச்சி நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. ஒரு வசனத்தைப் புரிந்துகொண்டதால் 35 வருஷப் பழக்கம் மறுநாளே போய்விடாது.

வள்ளியூருக்கு பஸ், அங்கிருந்து ஏர்வாடி வழியாக டோனாவூர். மேற்கே மலை நெருங்க நெருங்க நிலம் நிறம் மாறுகிறது, தேரி என்கிற செம்மணல் காடு போய் வயலும் வாழையும் வருகின்றன. இந்த ஊர்ப் பெயரே இங்கே கோயில் கட்டப் பணம் கொடுத்த டோனா என்ற ஜெர்மன் பிரபுவின் பெயர்தான். ஏமி கார்மைக்கேல் அம்மையார் இங்கே 1901ல் குடியேறினார். அயர்லாந்தில் பிறந்து 1895ல் இந்தியாவுக்கு வந்தவர், 1951ல் இறக்கும்வரை 55 வருஷம் ஒருமுறைகூட ஊர் திரும்பவில்லை. இந்துக் கோயில்களுக்கு நேர்ந்துவிடப்படவிருந்த பெண் குழந்தைகளை எடுத்து வளர்த்ததில் தொடங்கி, பள்ளி, மருத்துவமனை, ஆண் குழந்தைகளுக்கும் வீடு என்று அது வளர்ந்தது. தேவைகளுக்காக மனிதர்களிடம் பணம் கேட்பதில்லை, ஆண்டவரிடம் மட்டும் கேட்பது என்பது அவர்களுடைய வழக்கம். கேட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம், அத்தனை குழந்தைகளுக்குச் சோறு பொங்கி, துணி துவைத்து, காய்ச்சலுக்குக் கண்விழித்தவர்கள்.

சித்தியின் உறவுக்காரர் ஒருவர் மூலம் முன்கூட்டியே அனுமதி கேட்டிருந்தோம். அங்கேயே வளர்ந்த ஓர் அம்மா எங்களைக் கூட்டிப்போனார். அங்கே மூத்த பெண்களை அக்கா, சித்தி என்றும் ஆண்களை அண்ணாச்சி என்றும் முறை சொல்லித்தான் கூப்பிடுவார்கள், தொடக்கத்திலிருந்தே அப்படித்தான். எங்கள் சித்திக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

நான் வந்தது ஒரு விஷயத்துக்காக. 1931 அக்டோபர் 24ஆம் தேதி, பக்கத்தில் களக்காட்டில் மருந்தகத்துக்காக வாடகைக்கு எடுத்த ஒரு வீட்டைப் பார்க்கப் போன அம்மையார், மங்கிய வெளிச்சத்தில் புதிதாகத் தோண்டிய குழியில் விழுந்தார். காலில் எலும்பு முறிந்தது, கணுக்கால் விலகியது. அதிலிருந்து சரியாக எழவே இல்லை. சாகும்வரை ஏறக்குறைய 20 வருஷம் பெரும்பாலும் தன் அறைக்குள்ளேயே. அன்றைக்குக் காலையில்தான், உமக்கு ஊழியம் செய்ய என்னைத் தகுதிப்படுத்த எதை வேண்டுமானாலும் செய்யும் என்ற கருத்தில் ஜெபித்திருந்தார் என்று சொல்வார்கள். அந்த ஜெபத்தையும் அந்தக் குழியையும் சேர்த்து முடிச்சுப் போட என்னால் முடியவில்லை. ஆண்டவர் தம் பிள்ளையைக் குழிக்குள் தள்ளினார் என்று பேச எனக்கு நாக்கு வராது.

அந்த 20 வருஷத்தில் அவர் பத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள் எழுதினார். இதைக் கேட்டதும் என் மனம் போன போக்கைச் சொல்கிறேன். அவர் படுக்கையில் இவ்வளவு செய்தார், நான் 94 நாளில் ஒன்றும் செய்யவில்லையே என்றுதான் முதலில் போனது. அவருடைய படுக்கையையும் என் நோட்டில் ஒரு பத்தியாக்கி, எனக்கு நேரே சைபர் போட்டுவிட்டேன்.

அப்புறம் அந்த அம்மா எங்களைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். மரநிழல், சருகு. அம்மையாருக்குக் கல்லறைக் கல் இல்லை, வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டாராம். பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி, அதில் அம்மா என்று அழைக்கும் அந்த ஒரே சொல். பிறந்த வருஷம், எத்தனை பிள்ளைகள், எத்தனை புத்தகம், எதுவும் இல்லை. கணக்குப் புத்தகத்தைத் தேடி வந்தவனிடம் ஒரு தொட்டித் தண்ணீரைக் காட்டினார்கள். ஒரு மைனா வந்து விளிம்பில் உட்கார்ந்து, எங்களைப் பார்த்துவிட்டு, குடித்துவிட்டுப் போனது. நான் வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

வெளியே வந்து பஸ்ஸுக்காக ஒரு கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது சித்தி தானாகப் பேசினார். குழியில் விழுந்த கதையைக் கேட்டதிலிருந்து ஒன்றும் பேசாமல் இருந்தவர்.

"உங்க சித்தப்பா அன்னைக்கும் ஜெபம் பண்ணிட்டுத்தான் ஏறினாவ. தினம் பண்ணுவாவ, அடிமரத்துல கைவச்சு. பொறவு ஒரு வருஷம் நான் ஜெபமே பண்ணல கேட்டியா. ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போவேன், உட்காந்திருப்பேன், எல்லாரும் பாடுவாவ, எனக்கு வாயே வராது. வீட்டுல வேதத்த எடுத்தா கண்ணு இருட்டும், மூடி வச்சிருவேன். பிள்ளையளுக்குச் சோறு போடணுமேன்னு எந்திரிப்பேன், அவ்வளவுதான்."

"அந்த ஒரு வருஷம் எப்படிச் சித்தி இருந்தீங்க?"

"எப்படி இருந்தேன்னு எனக்கே தெரியாது. இருந்தேம்லா. நான் பிடிச்சிருந்தா என்னைக்கோ விழுந்திருப்பேன். அவருல்லா பிடிச்சிருந்தாரு." கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பொறவு வாய் வந்தது, பண்ணினேன். அந்த வருஷத்துக்கு நான் வட்டி கட்டினேனா? அவரும் கேக்கல, நானும் குடுக்கல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கடைக்காரர் பார்க்கிறாரே என்றுகூடத் தோன்றவில்லை. சித்தி மடியிலிருந்து வெற்றிலைப் பையை எடுத்துப் பாக்கு தேடிக்கொண்டிருந்தார்.

இன்று ராத்திரி வள்ளியூரில் தங்கல். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஒன்று மனதில் ஓடுகிறது, அதையும் எழுதிவிடுகிறேன். நம்முடைய கிரியைகளினால் அல்ல, கிருபையினால்தான் இரட்சிப்பு என்று யார் கேட்டாலும் சொல்லுவேன், எபேசியர் 2:8 ஞாயிறு பள்ளியில் நானே பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். 'இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு.' உள்ளே நுழைவதற்குக் கிருபை, அதற்கப்புறம் நிலைத்து நிற்பது என் சாமர்த்தியம் என்றுதான் என் எண்ணம் இருந்திருக்கிறது. வாசலில் டிக்கெட் இலவசம், உள்ளே எல்லாவற்றுக்கும் காசு என்பது போல. வாயால் அப்படிச் சொன்னதில்லை, நடந்தது அப்படித்தான். ஒன்றும் செய்ய முடியாமல் கிடந்தவனை அந்த 94 நாளும் அவர் விட்டுவிடவில்லையே, நான் 'ஆண்டவரே' என்று சொல்லித் தூங்கிப்போன அத்தனை ராத்திரியும் அவர் கையில்தானே இருந்தேன். இதை ஒரு மாசம் முன்னால் யாராவது சொல்லியிருந்தால், சோம்பேறிக்கு நல்ல சாக்கு என்று கோபப்பட்டிருப்பேன்.

ஐந்தாம் நாள், களக்காடு, பிறகு ரயில்

காலையில் களக்காடு வரை போனோம். அந்த வீடு எது என்று நான் விசாரிக்கவில்லை, பார்க்க வேண்டும் என்றும் இல்லை. கடைத்தெருவில் வாழைத்தார்கள் லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. சித்தி ஒரு சீப்பு பேரம் பேசி வாங்கினார். அந்தத் தெருவில் நடந்துகொண்டே கொஞ்சம் ஜெபித்தேன். எத்தனை நிமிடம் என்று தெரியாது. மனைவிக்காக, மகளின் பரீட்சைக்காக, முட்டி தேய்ந்த அந்தப் பனையேறி அண்ணாச்சிக்காக.

பாக்கி 140ல் எசேக்கியேல் 6 போக இன்னும் 134 இருக்கிறது. அதைக் கோடு போட்டு அடிக்கலாம் என்று நோட்டைத் திறந்தேன், அப்புறம் அடிக்கவில்லை. அதுவும் ஒரு கணக்கு முடிப்பதாகிவிடும் என்று பட்டது. முதல் பக்கத்தில் 12ஆம் வசனத்துக்குக் கீழே 'ஏனெனில்' என்று தொடங்கி 13ஐ எழுதிவிட்டு மூடிவைத்தேன். வாசிப்பதை விடப்போவதில்லை. எசேக்கியேலில் நின்ற இடத்திலிருந்து வாசிப்பேன், இந்தத் தடவை என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காக.

திருநெல்வேலி ஜங்ஷனில் சித்தி ஒரு ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டி கொடுத்தார். "பிள்ளைக்குச் சுக்குத் தண்ணி போட்டுக் குடு. போய்ச் சேந்ததும் போன் போடு ய்யா" என்று சொல்லி, என் தலையில் கைவைத்து ஒரே வரி ஜெபித்தார். சாத்தான்குளம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று உடனே கிளம்பியும் விட்டார்.

எனக்கு மேல் பெர்த் கிடைத்திருந்தது, முதுகை வைத்துக்கொண்டு ஏற முடியாது. கீழே இருந்த கல்லூரிப் பையன் நான் கேட்பதற்கு முன்பே, "நீங்க கீழ படுங்க அங்கிள்" என்று பையைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டான். கோவில்பட்டி தாண்டி விளக்கை அணைத்தார்கள். முழங்காலில் நிற்க இடமில்லை, படுத்தபடியே ஜெபம் பண்ணத் தொடங்கியது நினைவிருக்கிறது. ஆமென் சொன்னது நினைவில்லை. கண்விழித்தபோது ரயில் செங்கல்பட்டில் நின்றுகொண்டிருந்தது.